மிஹ்லாரின் மற்ற லைசன்ஸ்

மதுரங்குளியில் பாடசாலை வேன் ஓட்டும் மிஹ்லாருக்குப் பொய் சொல்ல வராது. வராத ஆள் ஒன்றே ஒன்று சொன்னார்; அது எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டது.

கலியாணமொன்றுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனபோது, வேகமாக ஓடினாரென்று ஒரு பொலிஸில் லைசன்ஸை வாங்கிவைத்துத் தண்டத் துண்டு கொடுத்தார்கள். தபால் கந்தோரில் தண்டம் கட்டிவிட்டு, அதே பொலிஸுக்குப் போய்த்தான் லைசன்ஸை மீட்கவேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது? ஊர்ப் பொலிஸில் லைசன்ஸ் தொலைந்துபோனதாக முறைப்பாடு எழுதி, புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் வடக்கிலிருந்து பொலிஸ் கடிதம் வந்தது. அங்கே வீதியின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓட்டினாராம். அன்று அவர் காய்ச்சலில் பாயோடு கிடந்தார். அடுத்த மாதம் இன்னொன்று.

"ஒங்களுக்கு அங்கால இன்னொரு குடும்பம் இரிக்கா? சும்மாதான் கேக்கிறேன்," என்றாள் மனைவி பஸீனா.

பாடசாலைக் குழுத் தலைவர் ஹாசிம் ஹாஜியார் சிரிக்கவில்லை. "எங்க செஞ்சாலும் குற்றம் ஒங்கட பேர்லதான் மிஹ்லார். இன்னொண்டு வந்தா வேன் ஓட விடமாட்டோம். புள்ளைகள்ட உசிரு."

மறுநாள் வேன் வராதென்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, மிஹ்லார் இரவு பஸ்ஸில் ஏறினார். காலை ஏழு மணிக்கு அந்தப் பொலிஸில் நின்று பழைய லைசன்ஸைக் கேட்டார். சார்ஜன்ட் புத்தகத்தைப் புரட்டி, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் அப்பவே வந்து எடுத்திட்டீங்களே ஐயா."

மிஹ்லார் புத்தகத்தில் திகதியைப் பார்த்தார். ஊரில் அவர் பொய் முறைப்பாடு எழுதிய அதே நாள், அதே பத்து மணி.

"வந்தவர் எப்பிடி இருந்தார், ஸேர்?"

"உங்களைப் போலத்தான். ஒரு சொல்லும் கதைக்கேல்லை. மழை இல்லாத நாள், சட்டையெல்லாம் ஈரம்."

அப்போது கைப்பேசி அடித்தது. பஸீனா.

"வேன் ஓடாதெண்டு சொல்லிட்டு, இப்ப வந்து புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறீங்க. கூப்பிட்டாத் திரும்பியும் பாக்கல்ல. என்ன கோவம்?"

மிஹ்லார் அழைப்பைத் துண்டித்தார். சார்ஜன்ட் பக்கம் திரும்பினார்.

"ஸேர், லைசன்ஸ் தொலையல்ல. தொலஞ்சிட்டெண்டு ஊர்ப் பொலிஸில நான் சொன்னது பொய். எழுதுங்க."

"எழுதினா உங்கட ஊர்ப் பொலிஸுக்குப் போகும். வேன் ஓடுற வேலை போயிடும்."

"போகட்டும். கெதியா எழுதுங்க, புள்ளைகள் அவன்ட கையில."

எழுதி முடித்துக் கையெழுத்து வைத்தார். கைப்பேசி மறுபடி அடித்தது.

"வேன் பள்ளிக்கூட வாசல்ல நிக்கிது," என்றாள் பஸீனா. "புள்ளைகள் எல்லாம் நல்லா எறங்கிட்டாங்க. எஞ்சின் ஓடுது. உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல. நீங்க எங்க நிக்கிறீங்க?"