அக்கா இல்லைங்க

எடப்பாடிப் பக்கத்தில், வீட்டை ஒட்டினாற்போல எங்கள் விசைத்தறிப் பட்டறை இருக்கிறது. நாங்கள் பெரிய முதலாளிகள் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் தறி ஓட்டுவோம், கூட ஒரு பெண் ஓட்டுவாள். என்னைவிட இளையவள். வந்த முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மத்தியானம் எங்கள் அடுப்படியில் அவளே போட்டுச் சாப்பிடுவாள். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், “ஆளெல்லாம் இல்லீங்க, எங்க ஊட்டுப் புள்ள” என்பார் என் வீட்டுக்காரர். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கும்தான். வேலையில் அடிபட்டால் சட்டப்படி இழப்பீடு முதலாளி தலையில்தான் விழும், ஒரு பாலிசி போட்டுவையுங்கள் என்று இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்து சொன்னபோதும் அதே பதில்தான். நம் வீட்டுப் பிள்ளையை நாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

போன ஆடியில் ஒருநாள் காலை, ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து நாடா தெறித்து அவள் இடது கண்ணில் அடித்தது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு இங்குமங்கும் பறக்கிற, இரும்பு முனை வைத்த கட்டை அது. அவள் கத்தவில்லை. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் தறியை நிறுத்தினாள்.

காரில் சேலம் போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரருக்கு போன்மேல் போன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: ஆஸ்பத்திரியில் தறி என்று வாயைத் திறக்காதீர்கள், வீட்டில் அடிபட்டதாகச் சொல்லிவிடுங்கள். அவர் அதை அப்படியே என்னிடம் சொன்னார். அவள் என் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்கு இப்போது இதுதானா கவலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இழப்பீடு என்று வந்தால் தறியை விற்க வேண்டியிருக்குமே என்று என் மனசும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கச் சொன்னார்கள். என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தண்ணீர்க் குழாய்வரை போவேன், குடிக்காமலே திரும்பி வருவேன். கடைசியில் அவளையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“அக்கா ஊட்லதானுங்க. வெறகு ஒடைக்கறப்ப சிராய் தெறிச்சிருச்சுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்து, நீங்கள்தான் அக்காவா என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினால் போதும். தறி தப்பிக்கும், அவர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் டாக்டர் எழுதுகிற சீட்டில் விறகு என்று ஏறிவிட்டால், எங்களுக்கு மனசு இருக்கிறவரைக்கும்தான் அவளுக்குப் பணம். மனசு மாறினால் அவள் போய்க் கேட்க ஒரு இடம் கிடையாது. என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். என்னையும் எனக்குத் தெரியும்.

“அக்கா இல்லைங்க” என்றேன். “எங்க பட்டறைல வேலை செய்யற பொண்ணுங்க. தறி நாடா அடிச்சுருச்சு. அப்படியே எழுதிக்குங்க.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. இழப்பீட்டை அவள் கையில் கொடுத்தால் செல்லாது, தொழிலாளர் அலுவலகம் வழியாகத்தான் கட்ட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். இரண்டு தறிகளை விற்றுக் கட்டினோம். கையெழுத்துப் போட அவளும் வந்திருந்தாள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் நான் பொய் சொன்னேன். நீங்க டாக்டர் முன்னால என்னைய ஆளுன்னுட்டீங்க.”

“அப்படிச் சொல்லலீன்னா இந்தப் பணம் உனக்குக் கெடைச்சிருக்காது சாமி.”

“அது எனக்கும் தெரியுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

ஊர் வந்து சேரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவள்மேல், இவர்மேல், சட்டத்தின்மேல், யார்மேல் என்றே தெரியாத கோபம். நல்லதுதானே செய்தேன், எதற்குத் திருடி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்? மறுநாளே நாங்களும் பாலிசி போட்டோம். அவள் மட்டும் திரும்பி வரவில்லை. பட்டறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் எட்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

தையில் ஜலகண்டாபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நான் தயங்கி நின்றேன், அவளே கிட்டே வந்தாள். அங்கே ஒரு பட்டறையில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், அந்த வீட்டம்மா தங்கமானவர் என்றும் சொன்னாள்.

“மொத நாளே, என்னைய அக்கான்னு கூப்புடு கண்ணுன்னாங்க. அதுக்கு முன்னால எம்பேர வேலையாள்னு போட்டு இன்சூரன்ஸ் கட்டுங்கன்னு சொல்லிட்டேன்.”

கட்டினார்களா என்று கேட்டேன். அந்த வாரமே கட்டிவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷம்தான். சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. அப்படியானால் இப்போது அக்கா என்று கூப்பிடுகிறாயா என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றாள். “வாய் வர மாட்டேங்குதுங்க.”