கட்டைவிரல் நகம்

காகிதக் கட்டு கைக்கு வந்ததும் அவர் படிப்பதில்லை. மேசைமேல் வைத்து, வலது கட்டைவிரல் நகத்தை ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவார். பின் தெறித்து டப்பாவில் விழும். பின்னின் துரு சான்றிதழில் ஏறினால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதற்கென்றே வளர்த்த நகம் அது. பழுப்பேறி, நுனி லேசாக வளைந்திருக்கும். "அந்த நகத்தோட தட்டுல கைய வைக்காதீங்க" என்று மனைவி கரண்டியைக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து கரண்டிதான்.

வெளியுறவுத் துறை அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் அவருடைய மேசை. வெளிநாடு போகிறவர்களின் பட்டம், பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும் நோட்டரியில் தொடங்கித் தூதரகம் வரை முத்திரை வாங்கித் தருவது தொழில். பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நகக்காரர் என்றால் வாசல் காவலாளிகூட வழி காட்டுவார். பட்டத்தை லேமினேட் செய்துகொண்டு வருகிறவர்களிடம் மட்டும் குரல் ஏறும். "முத்திரைய எங்க குத்தறது, என் நெத்தியிலயா?"

சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பின் அடித்து, இரண்டு தாளிலும் பாதி பாதியாக விழும்படி அலுவலகத்தில் வட்ட முத்திரை குத்துவார்கள். அதன் பிறகு பின் கழன்றால் முத்திரை செல்லாது; தாளை மாற்றிவிட்டதாக அர்த்தம். கட்டைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் அவர் பாடுவது ஒரே பாட்டு. "இனிமே இந்தப் பின்னுதான் உன் உசுரு. நகல் எடுக்கறேன், அடுக்கி வைக்கறேன்னு கழட்டினே, நீ போற பிளேனோட றெக்கைய நீயே கழட்டின மாதிரி."

போன வாரம் ஒரு நர்ஸ் பெண் வந்தாள். முத்திரையெல்லாம் முடிந்த கட்டு அவள் கையில் இருந்தது.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக் குடுங்க. இன்னிக்குத்தான் தூதரகத்துல கடைசி. விட்டா அந்த ஆஸ்பத்திரி வேற ஆள எடுத்துக்கும்."

ஜெராக்ஸ் கடை அக்காவைக் கேலி பேசிக்கொண்டே கட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். டப்பாவில் பின் விழுந்த சத்தம் கேட்டது.

யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார். வட்ட முத்திரை இரண்டு பாதியாகப் பிரிந்து கிடந்தது. அந்தப் பெண் "என்னண்ணே பண்ணிட்டீங்க" என்றாள், மெதுவாக.

அக்கா ஸ்டேப்ளரை நீட்டினாள். "அதே ஓட்டையில அடிச்சிடுங்கண்ணே. யாரு பாக்கப் போறா?"

அப்படி அடிக்க அவருக்குத் தெரியும். தூதரகத்தில் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். மாட்டினால் போலி என்று எழுதுவார்கள். கெடுவது அவர் பெயர் அல்ல, அவள் பெயர்.

"வாம்மா" என்று கட்டோடு எதிர்ப்புறம் நடந்தார்.

"கழட்டினது யாரு?" என்றார் கவுன்டர் அதிகாரி.

"நான்தான் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்களா? ஊருக்கே பாடம் எடுக்கற ஆளாச்சே."

"கை பழக்கத்துல எடுத்துடுச்சு சார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் ஏஜென்ட் லைசென்ஸ எடுத்துக்கிட்டாலும் சரி. இந்தப் பொண்ண மட்டும் அனுப்பிவிடுங்க."

எழுதி வாங்கிக்கொண்டார்கள். லைசென்ஸைப் பற்றி மேலிடம் முடிவு செய்யும் என்றார்கள். பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, புதுப் பின், புது முத்திரை. அந்தப் பெண் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். தூதரகக் கவுன்டர் மூடுகிற நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. "குடுத்துட்டேண்ணே."

போனை வைத்துவிட்டு அவர் அக்காவிடம் தாள் வெட்டும் கத்தரியைக் கேட்டு வாங்கினார்.

"நகமில்லாம உங்கள எப்படிண்ணே தேடி வருவாங்க?"

அவர் கட்டைவிரலை மேசை விளிம்பில் வைத்து, நகத்தை ஒட்ட வெட்டி, பின்கள் கிடந்த டப்பாவில் போட்டார்.