யூசுப் டாக்டர் போட்ட ஒரு கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கிளினிக்கின் லேபில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் யூசுப் அவர்களின் மகன் இம்தியாஸ் சிதம்பரத்திலிருந்து போன் செய்தார். "செல்விக்கா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவங்க அப்புடியே சாஞ்சுட்டாங்க. சாயங்காலம் அஸருக்கு அடக்கம். வந்துடுங்க" என்றார். பெரியவருக்கு ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் அழுதேன். பெயர் எழுதாத குழாயைக் கீழே வைத்தால் சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

சாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைத்தெரு மாடியில் இருக்கிற இதே கிளினிக்கில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தவர். கடைசி இரண்டு வருடம் உடம்பு முடியாமல், கிளினிக்கை வேறு டாக்டரிடம் விட்டுவிட்டுச் சிதம்பரம் வீட்டோடு இருந்துவிட்டார். தெரிந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாடு போகிறவனைச் சரியாகப் பார்க்காமல் ஃபிட்னஸ் எழுதிக் கொடுத்து ஓர் ஆளைச் சாகடித்தவர் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. செத்தவர் என் கணவர். அந்தப் பேச்சு பொய். பொய் என்று இத்தனை வருடமும் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே சார் என்னைத் தன் அறைச் சுவரில் இருந்த ஒரு சட்டத்தின் முன் நிறுத்தினார். கண்ணாடிக்குள் பழுப்பேறிய காகிதம், கோணல் மாணலாகப் பிரெஞ்சு எழுத்து. "இவரு எங்க கொள்ளுத் தாத்தாவோட வாப்பாவுக்கும் வாப்பா. பிரெஞ்சு ஹக்கீம்னு சொல்லுவாங்க. இந்த ஜில்லாவுலயே வெள்ளக்காரன்கிட்ட டாக்டரா இருந்த மொத ஆளு" என்றார். பிறகு கதை. பரங்கிப்பேட்டையில் தகப்பனாரிடம் யூனானி கற்று, புதுச்சேரி போய், பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டும் வேலையில் சேர்ந்து, வெள்ளைக்கார சர்ஜனின் கையைப் பார்த்தே அறுவையும் பழகியவராம். கைலிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு போவாராம். கவர்னர் மகனின் விஷக்காய்ச்சலை இறக்கிவிட்டாராம். அதற்காகக் கவர்னர் கைப்பட எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம்தான் அது.

குடும்பத்தில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்பதும் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ. வருடத்துக்கு ஒருநாள் ஹக்கீம் பேரில் ஃபாத்திஹா ஓதி எங்களுக்கெல்லாம் நெய்ச்சோறு போடுவார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்தச் சட்டத்தைத் தொட்டுக் கும்பிட வைத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சார் வேண்டாமென்று கையை ஆட்டுவார், ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஏஜென்ட் முதலில் கேட்பது உள்ளூர் டாக்டரின் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டைத்தான். என் கணவர் குமார் பெண்ணாடம் பக்கம் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கட்டட வேலைக்கு விசா வந்தது. கால் லேசாக வீங்குகிறதே என்று அவர் ரத்தத்தை நானே முன்கூட்டிப் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரு இதப் பாத்தாருன்னா வுடமாட்டாரு, செல்வி. ரெண்டே வருஷம். ஒரு ஊட்ட கட்டிட்டு வந்து வைத்தியம் பாத்துக்கறேன். நீதான லேபுல இருக்க?" என்றார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒழுகுகிற வாடகை வீட்டில் இருந்தோம். மறுநாள் என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, குழாயில் குமார் என்று எழுதினேன். சிறுநீரும் என்னுடையதுதான். ரிப்போர்ட் பழுதில்லாமல் வந்தது. சார் என் கணவரைப் படுக்கவைத்து நெஞ்சில் காது கொடுத்துக் கேட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கால் வீக்கத்தைக்கூடக் கேட்டார். "லாரியில ஒக்காந்தே இருக்கேன்ல சார், அதான்" என்றார் இவர். ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சார் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் மாதம் குமார் பெட்டியில் வந்தார். வெயிலில் வேலை பார்த்து, சிறுநீர் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். சார் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் அந்த ரிப்போர்ட்டின் நகல். "இதுல ஒன்னுமே இல்லியே, செல்வி. நான் என்னத்த பாக்காம உட்டேன்?" என்று கேட்டார். நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் வேலை போகும், போலீஸ்கூட வரும் என்ற பயம். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டவர் அவர்தான்.

அந்த வருடமே அடுத்த இடி விழுந்தது. புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் முழங்கால் வலிக்கு வந்தார். சும்மா இருக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்துக்கு அருகில் போனார். "டாக்டர், இது நற்சாட்சிலாம் இல்லீங்க. கப்பல் லிஸ்ட்டு" என்றார். காரைக்காலிலிருந்து ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிய ஆட்களின் பெயர்கள். எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே வார்த்தை, திடம். கீழே துறைமுக வைத்தியராக ஹக்கீமின் கையெழுத்து. ஒன்பது பெயர்களின் பக்கத்தில் வேறு மையில், கடலில் இறந்தார் என்று எழுதியிருந்தது. அடியில் ஒரு வரி: இந்த வைத்தியரை வேலையிலிருந்து நீக்கவும்.

டீச்சர் அந்த ஒன்பது பெயர்களையும் படித்தார். மாரிமுத்து, காத்தாயி, அய்யாக்கண்ணு, சின்னப்பொண்ணு என்று எல்லாம் எங்கள் டோக்கன் நோட்டில் இருக்கிற பெயர்கள். சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். டீச்சர் போனபின் என்னைப் பார்த்து, "எங்க ரத்தத்துலயே இருக்கும்மா இது. அவரு ஒம்போது பேர ஏத்தி உட்டாரு, நான் ஒங்க ஊட்டுக்காரர ஏத்தி உட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து ரத்தம் என்ற சொல் வந்ததும் குமார் என்று நான் எழுதிய குழாய்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சட்டத்தைக் கழற்றச் சொன்னார்கள் வீட்டிலுள்ளவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. வருடாந்தர ஃபாத்திஹாவும் நிற்கவில்லை. ஹக்கீமின் பேரோடு அந்த ஒன்பது பேரின் பேரையும் சொல்லி ஏழைகளுக்குச் சோறு போட்டார். பத்தாவதாகக் குமார் என்று அவர் வாய்க்குள் சொன்னதை ஒருமுறை கேட்டேன்.

அதன்பின் கிளினிக்கில் இருப்பது எனக்குப் பயமாகவே இருந்தது. டோக்கன் கூப்பிடுகிற பெண், "மாரிமுத்து வாங்க" என்பாள். உள்ளே சார் விருட்டென்று நிமிர்வார். கதவைத் திறந்துகொண்டு யார் வரப்போகிறார்கள் என்று பார்க்கிற பார்வை அது. வருவது வயிற்றுவலிக்காரர்தான். ஆனாலும் சார் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அந்தப் பெயர்க்காரர்கள் யார் வந்தாலும் இரண்டு முறை பரிசோதிப்பார். ஃபிட்னஸுக்கு வருகிற பையன்களை நான்கு நாள் அலையவிடுவார். "சாவடிக்கிறாரு இந்தாளு" என்று அவர்கள் வேறு டாக்டரிடம் போனார்கள். போனவர்கள்தான் அந்தப் பேச்சையும் கூடவே கொண்டுபோய்ப் பரப்பினார்கள். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

போன நோன்புப் பெருநாளுக்குச் சிதம்பரம் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். டீ கொடுத்தேன். நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா செல்வி, அந்த ஒம்போது பேருல யாராவது ஹக்கீம ஏமாத்திட்டுக் கப்பல் ஏறியிருப்பாங்களா? காச்சல மறைச்சு, இருமல அடக்கிக்கிட்டு? பஞ்சத்துக்கு பயந்தவன் செய்வான்ல?"

"செய்வாங்க சார்" என்றேன்.

"அப்புடி இருந்தா அந்த மனுசன் பாவம். பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாரு. ஆனா இப்ப யாரு வந்து சொல்லப் போறா?"

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது. "டீ ஆறுது சார்" என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

செவ்வாயன்று பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபின், உள் அறையில் அவர் மனைவி ஜைனப் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் ரத்தம், என் கையால் எழுதிய பெயர், எல்லாம். சுற்றியிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள். அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பன்னண்டு வருஷம், செல்வி. தொழுதுட்டு கையேந்துறப்பல்லாம் ஒம் புருசன் பேரச் சொல்லித்தான் அழுவாரு. இன்னிக்கு சுபுஹுலயும் அழுதாரு. அந்த பாய்லதான் சாஞ்சாரு" என்றார். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? அடக்கம் முடிஞ்சு ஆம்பளைங்க வாசல்ல வந்து நிப்பாங்க. கடலூர்க்காரங்களும் இருப்பாங்க. போய் அவுங்ககிட்ட சொல்லு."

போய்ச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் முழுதாகச் சொன்னேன். இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அங்கே வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டேன். என் மகளுக்கும் இப்போது தெரியும். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

போய் வாருங்கள், சார். நீங்கள் எதையும் பார்க்காமல் விடவில்லை. நன்றாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். நீங்கள் பார்த்தது என் ரத்தத்தை.