கட்டை வரைக்கும் வெட்டிய குடில் பச்சை

என் மருமகள் கொடைக்கானல் பக்கம் பிறந்தவள். தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிதில், தாய்வீட்டிலிருந்து ஒரு செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜூனிபராம். உயரமாக வளராது, பாய் விரித்த மாதிரி தரையில் படரும், எந்தக் காலத்திலும் பச்சை.

"நம்ம ஊரு மழைக்கு நண்டே மேட்டுக்கு ஓடும். இது எங்கம்மா பொழைக்கும்?" என்று சிரித்தேன்.

அவள் செங்கல் சில்லும் மணலும் கொட்டி, வாசல் சுவரோரம் மேடு கட்டி நட்டாள். வேரில் தண்ணீர் நிற்கக் கூடாதாம். மீன் கழுவிய தண்ணீரோடு நான் அந்தப் பக்கம் போனால், சட்டியை வாங்கி வாழைக்கு ஊற்றிவிடுவாள். செடியும் மெல்ல மெல்ல மேட்டையே மூடிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டியது நான்தான். குடில் வேலை வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எங்கள் குடில் பொம்மைகளில் செம்மறிக்கு ஒரு கால் கிடையாது, அதை நிற்க வைப்பதற்கே பாதி நாள் போய்விடும். குடிலை மூட வைக்கோல் போதும்தான். ஆனால் வாசலில் அத்தனை பச்சை கிடந்ததே! மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். அரிவாளை எடுத்தேன்.

தெருவே வந்து பார்த்தது. "கோயில் குடிலு தோத்துச்சு பெரியம்மா!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மருமகள் வந்தாள். வாசலைப் பார்த்தாள், குடிலைப் பார்த்தாள்.

"ஏன் அத்தை, பச்சையோட நிறுத்துனீங்களா, கட்டை வரைக்கும் போயிட்டீங்களா?"

"கட்டை வரைக்கும்தாம்மா. முருங்கைய ஒட்ட வெட்டுனாத்தானே நல்லா கிளைக்கும்?"

"இது முருங்கை இல்லீங்க அத்தை. பச்சை போன கட்டையில மறுபடி துளிர்க்காது."

"அம்மா கையில அருவாளக் குடுத்தா, ஏசு பொறக்கறதுக்குள்ள ஊரையே மொட்டை அடிச்சிடும்," என்றான் என் மகன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன்.

மேட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை மிச்சம். மற்றதெல்லாம் பழுப்புக் கட்டை. வருகிறவர்கள் கேட்டால், "மழையில அழுகிடுச்சுங்க," என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. மாதாவிடம்கூட வேண்டிக்கொண்டேன். தினமும் காலையில் போய்க் கட்டையைத் தடவுகிறேன். கண் மங்கிவிட்டது, விரலில் ஏதாவது ஊசிப் பச்சை குத்தாதா என்று.

நேற்று மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"காஞ்சத பிடுங்கிடட்டுமா அத்தை? அந்த ஓரத்துப் பச்சை மெல்ல படர்ந்துக்கும்."

"இன்னும் ஒரு மழை பாத்துடுவோமே," என்றேன்.

துளிர்க்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"சரிங்க அத்தை," என்று மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.