சித்தியின் கவனத்தைப் பறித்தவர்கள்

அம்மாவின் தங்கைக்கு ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைப்பதாக இருந்தது. அதற்கு ஜப்பானிய மொழித் தேர்வில் தேற வேண்டும். முதல் முறை கோட்டைவிட்டாயிற்று. இந்த முறையும் விட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்று அம்மா மிரட்டியிருந்தாள். தாராவியில் கீழே அப்பாவின் தையல் மெஷின்கள், மேலே நாங்கள் ஐந்து பேர். சித்தி படித்தது இந்த லட்சணத்தில்தான்.

மாட்டுங்காவில் அவளுக்கு வகுப்பெடுத்த டீச்சர் ஒருநாள் 'கி ஓ தொராரெரு' என்றொரு தொடரைக் கொடுத்து, சொந்த வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார். ஏதோ ஒன்று நம் கவனத்தைப் பறித்துக்கொண்டது என்று பொருள். பறித்தது எது என்று முதலில் சொல்லி, அதன் பின்னால் 'நி' ஒட்ட வேண்டும். அதனால் என்ன கெட்டது என்பது அப்புறம் வரும்.

"பாத்தியாட்டி, நான் ஒண்ணும் பராக்கு பாக்கல. அதுவா வந்து பறிச்சிட்டுப் போயிருக்கு" என்று சித்திக்கு ஒரே சந்தோஷம்.

வாக்கியங்கள் மளமளவென்று வந்தன. பக்கத்து வீட்டு சீரியல் பறித்தது, பால் பொங்கி வழிந்தது. குழாயில் தண்ணீர் வந்த சத்தம் பறித்தது, பாடம் மறந்தது. அவள் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல நான் விரல்விட்டு எண்ணினேன். இத்தனை திருடர்களுக்கு நடுவில் எப்படித் தேறுவாள்?

எனக்கு அப்போது எட்டு வயது. சந்து முழுக்க வீடு வீடாகப் போய், சித்தி ஜப்பானுக்குப் படிக்கிறாள், நான்கிலிருந்து ஆறுவரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். திட்டு விழும் என்று பார்த்தால், எல்லோரும் சொன்னபடி கேட்டார்கள். மராட்டிக்கார ஆண்ட்டி சீரியலை ஊமைப்படமாக்கினாள். அவசர ஆர்டர் இருந்தும் அப்பா மெஷினை நிறுத்தினார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சித்தி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு? ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கிய?"

விஷயம் தெரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் சந்தே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மெஷினப் போடுங்க அத்தான், நான் படிக்கணும்லா" என்றாள்.

அவளுடைய ஐந்தாவது வாக்கியத்தில் பறித்தது அமைதி. டீச்சருக்கு அதுதான் ரொம்பப் பிடித்ததாம்.

சித்தி தேறினாள், போனாள். முதல் வாரம் வீடியோ காலில் தன் அறையைச் சுற்றிக் காட்டினாள். தனிக் கட்டில், பெரிய ஜன்னல், ஈ காக்கை இல்லாத தெரு. எனக்குப் பொறாமையாக இருந்தது. பேச்செல்லாம் தீர்ந்த பிறகு, "வச்சிராதட்டி. போன அப்படியே வாசப்படியில வச்சிட்டு நீ வெளாடப் போ" என்றாள்.

பேச ஒன்றும் இல்லாதபோது எதற்கு போன்? பாவம், அவளுக்கு நெட் வீணாகிறதே என்று நானே பொறுப்பாகக் கட் செய்தேன். மறுநாளும் அதையே கேட்டாள். மறுநாளும் கட் செய்தேன்.