ரேலீன் தனக்குத் தைத்த கல்யாண உடை

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான வாங்கரட்டாவில் பாதிக் கல்யாணங்களுக்கு உடை தைத்தவர் ரேலீன். ஆனால் ஷார்மூஸ் பட்டு கேட்டு வருகிறவர்களில் பலரை அவரே திருப்பி அனுப்பிவிடுவார். முகப்பு சாட்டினாகப் பளபளக்கும், உள்பக்கம் மங்கல், கையில் எடுத்தால் வழுக்கி ஓடும் மெல்லிய பட்டு அது. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டித் தைத்தால் உடம்போடு ஒட்டி விழும். வயிறு, இடுப்பு மடிப்பு, எல்லாம் தெரியும்.

"கண்ணு, இந்தத் துணி எதையும் மறைக்காது. உனக்கு வேண்டாம்," என்பார்.

அவருடைய பள்ளித் தோழியான என் அம்மா மொரீனுக்கும் அதே பதில்தான். வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு ஷார்மூஸ் கேட்டுப் போன அம்மா, எதையும் மறைத்துவிடும் விறைப்பான டாஃபெட்டாத் துணி உடையோடு திரும்பி வந்தாள். அதை ஒரு முறைக்கு மேல் உடுத்தவில்லை.

அது அக்கறையா, கொடுமையா? எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். இந்த மாதிரி விஷயங்களுக்குப் பெயர் வைக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். வைத்த பெயர் எதுவும் ரேலீனுக்குப் பொருந்தவில்லை.

ஐம்பத்தொன்பது வயதில் அவருக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை காலின், பால் லாரி ஓட்டுகிறவர். ரேலீன் யாரிடமும் சொல்லாமல் தனக்கு ஷார்மூஸ் வெட்டினார். கிராஸ் துணி தன் கனத்திலேயே இறங்கும். சில நாள் தொங்கவிட்டு, உடுத்தி நிற்கும்போதுதான் அடி ஓரத்தை அளக்க வேண்டும். தனக்குத்தானே அதைச் செய்துகொள்ள முடியாது. கல்யாண வாரத்தில் அம்மாவைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, வயிற்றைக் கைகளால் மூடியபடி வந்தார்.

"அடேயப்பா! எனக்கு டாஃபெட்டா, மகாராணிக்கு இதா?" என்றாள் அம்மா.

"சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சு முடி, மொரீன். சனிக்கிழமை சர்ச்சுல சிரிக்காதே."

"சிரிக்கலடி. கையை எடு."

"மாட்டேன். எல்லாம் தெரியுது. பழைய நீல கவுன்லயே போயிடறேன்."

அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள். "நீ கையை அங்க வெச்சா துணி தூக்குது. ஓரம் கோணலாத்தான் வரும். கோணலாவே குத்திடட்டுமா?"

கோணல் ஓரம் ரேலீனுக்குத் தாங்காது. கண்ணாடியைப் பார்க்காமல் கைகளைத் தொங்கவிட்டார். பட்டு மெல்ல இறங்கி நின்றது. வயிறு வயிறாகவே தெரிந்தது. அம்மா வாயில் குண்டூசிகளோடு சுற்றி வந்தாள். கடைசி ஊசியைக் குத்திவிட்டுக் கேட்டாள்:

"ஏன்டி, காலின் உன் வயித்தைப் பாத்ததே இல்லையா?"

"சீ, பொண்ணு நிக்குதுடி!"

"ஆடாதே, ஊசி குத்தும்."

சனிக்கிழமை அதையே உடுத்தி வந்தார். சர்ச் வாசல் வெயிலில், அவர் எல்லோரையும் எச்சரித்ததெல்லாம் உண்மையென்று தெரிந்தது. கை இரண்டு முறை வயிற்றுக்குப் போகப் பார்த்து, காலினின் கையைப் பிடித்துக்கொண்டது.

காலினோடு ரேலீன் ஆடிய முதல் நடனம் முடிந்ததும் அம்மா பதறிப்போனாள். "முதுகுல பாரு, அந்த ஆளோட வேர்வைக் கை அப்படியே பதிஞ்சிருக்கு. கறை போகாதேடி!"

ரேலீன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். ஐந்து விரலும் தெரிந்தன.

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்கு ஆடப் போனார்.