செக்கின் ஓரத்தில் ஒரு பிசிறு

அச்சகத்தில் அவரைக் கத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயால் வந்த பெயர் அல்ல, வேலையால் வந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தாள் வெட்டும் மிஷினில் நிற்கிறார். தாளைக் கண்ணால் பார்க்க மாட்டார். கட்டை விரலால்தான் பார்ப்பார். கனம், ரகம், ஈரம் எல்லாவற்றையும் விரல் சொல்லிவிடும். அந்த விரல் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

மனைவி நூற்பாலையில் இருந்தவள். ஆலை இரைச்சல் அவளது வலது காதைத் தின்றுவிட்டது. இடது காதும் போவதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். பேங்கில் ஐம்பதாயிரம் இருந்தது. பழைய கார் இரண்டு லட்சத்துக்கு விலை போனால் ஆபரேஷனுக்குப் போதும். அச்சக வாசலில் நிறுத்திப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்.

மூன்று பேர் வந்தார்கள். டயரை உதைத்தார்கள், டிக்கியில் தலையை விட்டார்கள், பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார்கள். நான்காவது ஆள் வரவே இல்லை. போனில் மட்டும் பேசினான்.

"அண்ணே, நீங்க சொன்ன விலையே இருக்கட்டும். நான் வெளியூர்ல மாட்டிக்கிட்டேன். செக் அனுப்புறேன், லாரி வந்து வண்டியை ஏத்திக்கும்."

"கத்தரிக்காய் வாங்கினாக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாங்க. இவன் என்ன, காரைக் கண்ணால பார்க்காமலே முழு விலை குடுக்கிறான்?" என்றாள் மனைவி.

"ஏமாந்தவன் கிடைச்சா உனக்குப் பொறுக்காதே."

"ஏமாந்தவன் யாருன்னு இன்னும் தெரியலைங்க."

கூரியரில் செக் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி பெயரில், இரண்டரை லட்சத்துக்கு. அவர் விரலை ஓட்டினார். கனமான தாள், நல்ல ரகம். "இது அசல் தாள். என் விரல் பொய் சொல்லாது" என்றார்.

அன்றைக்கே போன் வந்தது. "அண்ணே, ஆபீஸ்ல லாரி வாடகையையும் சேர்த்துப் போட்டுட்டாங்க. செக்கை பேங்க்ல போட்டுட்டு, மிச்சம் அம்பதாயிரத்தை டிரைவர் கையில குடுத்துடுங்க."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு லாரி வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் இறங்கினான். கும்பிடு கிடையாது, பெயர் கிடையாது. "காசு எடுத்துட்டு வாங்க. காத்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் தனிக்கூலி" என்றான். போனிலும் அதே பாட்டு. "செக் சாயந்திரத்துக்குள்ள கணக்குல ஏறிடும்ணே. இப்போ உங்க காசை எடுத்துக் குடுங்க. லாரியை நிக்க வைக்காதீங்க." குரலில் தேன் குறைந்திருந்தது.

மனைவி கார்ச் சாவியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். "போயிட்டு வாங்க. ஆனா பேங்க்ல வாயைத் திறந்து கேளுங்க."

பேங்கில் வரிசை. அவருக்கு முன்னால் ஆறு பேர். சும்மா நிற்கத் தெரியாத விரல் செக்கின் ஓரத்தில் மேலும் கீழும் ஓடியது. ஓர் இடத்தில் நின்றது. மீண்டும் ஓடி, அதே இடத்தில் நின்றது.

பிசிறு.

அச்சக மிஷினின் கத்தியில் ஒரு மாதமாகச் சின்னப் பல் உடைந்திருந்தது. சாணைக்கு அனுப்பச் சொன்னால் முதலாளி நாளைக் கடத்துவார். அந்தப் பல் படுகிற இடத்தில், வெட்டுகிற ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழையாக ஒரு பிசிறு நிற்கும். வேறு யார் விரலுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இந்தச் செக்கை வெட்டியது அவர்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் நிறம் மட்டும் அடித்த, எழுத்து இல்லாத தாள்கள் கொண்டுவந்தான். கூப்பன் என்றான். கத்தியில் பல் போயிருக்கு, ஓரம் பிசிறும் என்று சொல்லித்தான் ஐந்நூறு துண்டு வெட்டிக் கொடுத்தார். போகும்போது அவன் வாசலில் நின்ற காரின் மேல் சாய்ந்துகொண்டு, "உங்க வண்டியா? விக்கிறீங்களாமே?" என்று கேட்டான். வெறும் பேச்சு என்று நினைத்திருந்தார்.

லாரிக்கு ஐம்பதாயிரம் கேட்டதைச் சொல்லிச் செக்கை நீட்டினார். கவுண்டரில் இருந்த அம்மாள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"கணக்குல ஏறினா காசு வந்துட்டதுன்னு அர்த்தமில்ல சார். செக் எழுதினவங்க பேங்க் சரின்னு சொல்லணும், அதுக்கு ரெண்டு மூணு நாள்கூட ஆகும். போலின்னா ஏத்தினதைத் திரும்ப எடுத்துக்குவோம். நீங்க கையிலேருந்து குடுத்த அம்பதாயிரம் குடுத்ததுதான்."

"இதுல போன் நம்பர் இருக்கே, பண்ணிக் கேட்கட்டுமா?"

"அந்த நம்பரை அச்சடிச்சது யாரு?" என்றாள். அந்த பேங்கின் எண்ணைத் தன் புத்தகத்தில் தேடி எடுத்துப் பேசினாள். போனை வைத்தாள். "அந்தக் கம்பெனி கணக்கை மூடி மூணு வருஷமாச்சாம். இதைப் பத்திரமா வைங்க. போலீஸ் கேட்கும்."

அவர் காசு எடுக்கவில்லை. ஓடினார். வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

தெருவில் திரும்பியதும் கண்டார். லாரியின் சங்கிலி காரின் பம்பரில் மாட்டியிருந்தது. காருக்குள், ஓட்டத் தெரியாத மனைவி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு கதவும் பூட்டு. டிரைவர் வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினான். அவன் கத்தியது கேட்காத காதில். அவள் பொட்டுக்கூட அசையவில்லை.

"சங்கிலியைக் கழட்டு. செக் செத்த செக். போலீஸுக்குச் சொல்லியாச்சு" என்றார் அவர். பாதி பொய்.

டிரைவர் யாருக்கோ போன் போட்டான். போனை நீட்டினான். "பேசணுமாம்."

"அண்ணே," என்றது அதே குரல், நிதானமாக. "கத்தியைச் சாணை பிடிச்சீங்களா, இல்லையா?"

போன் அணைந்தது. சங்கிலியை உருவிக்கொண்டு லாரி போனது.

மனைவி கண்ணாடியை இறக்கினாள். "என்னங்க சொன்னான்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் இப்படி வேர்க்குது?"

பிசிறையும், தான் வெட்டிக் கொடுத்த ஐந்நூறு துண்டையும் அவர் சொன்னார். அவள் கதவைத் திறக்கவில்லை. "அப்போ மீதி நானூத்துத் தொண்ணூத்தொம்பது யாரு வீட்டுக்குப் போயிருக்கும்?" என்றாள்.

மறுநாள் அச்சகத்தில் மிஷின் பக்கத்தில் புதுக் கட்டு ஒன்று காத்திருந்தது. நிறம் அடித்த தாள். போன தடவையைவிட நாலு மடங்கு உயரம். மேலே ஒரு சீட்டில், அந்தக் கூப்பனுக்குக் கொடுத்த அதே அளவு.

"அவசரமாம். உன்னைத்தான் வெட்டச் சொன்னாங்க, பேரைச் சொல்லியே," என்றார் முதலாளி.

அவர் மிஷினை நிறுத்தினார். நட்டுகளைக் கழற்றி, கத்தியை இறக்கி, மரப்பெட்டியில் வைத்து மூடினார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவிச் செக்கோடு சட்டைப் பையில் செருகினார்.

"கத்தியை எங்கய்யா தூக்கிட்டுப் போற? சாணைக்கு அடுத்த மாசம்னு சொன்னேன்ல?"

"சாணைக்கு இல்லை முதலாளி. சாட்சி சொல்லக் கூட்டிட்டுப் போறேன்."

பெட்டி தோளை அழுத்தியது. வாசல் தாண்டியதும் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. காவல் நிலையப் படி வரைக்கும் அது விடாமல் அடித்துக்கொண்டே வந்தது.